கழுத்து பதினாலேகால்

பலவேசம் எம்.பி.யைச் சவரிமுத்து உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது எம்.பி. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றார். மேடையில் கும்பிடத் தூக்கும் கைகள் அல்ல, மார்பளவு எடுக்கத் தோதாகத் தூக்கிய கைகள். அவர் வீட்டு மாடி அறை, ஜன்னல் சாத்தியிருந்தது, சித்திரை வெக்கையில் மின்விசிறியை அணைக்கச் சொல்லியிருந்தார், குளிருதுவே என்றார். பனியனுக்கு மேல் டேப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து நுனியைப் பிடித்தபோது, எப்போதும் நிற்கிற எண்ணில் டேப்பு நிற்கவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, உள்ளே ஆளே இல்லாததுபோல. பிறகு கழுத்து. இரண்டு விரலை உள்ளே விட்டு அளவெடுப்பது வழக்கம். விரலுக்கு அந்தப் பக்கம் துடிக்கிற நரம்பு, நனைந்த நூல்போல மெலிந்து, விட்டுவிட்டு ஓடியது. என்னவே டெய்லரு, டேப்பு என்ன சொல்லுது என்றார் எம்.பி. ஒண்ணும் சொல்லலய்யா. டேப்பு பொய் சொல்லாதுவே, டெய்லருதான் சொல்லுவான் என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி முடிந்தது. இருமல் அடங்கியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். உள்ள துணி கிணி வச்சு, பழைய பலவேசமா ஆக்கி அனுப்பும். வீட்டுக்காரிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், இப்போ உமக்குத் தெரியும். மவனுக்குச் சொல்லல, செல்லையாவுக்குச் சொல்லல. தெரிஞ்சா நான் கண்ண மூடுமுன்னாடியே எம்மேல நின்னு சீட்டுக் கேப்பானுவ. யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது, என்னா? சவரிமுத்து தலையை ஆட்டினார். அதுவரை எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின அரை நிமிடம்தான் இல்லை. கழுத்தில் டேப்பு இருந்த அந்த அரை நிமிடம். அளவை வாய்விட்டுச் சொன்னோமா, சொல்லவில்லையா?

ஆறு மாதமாகிறது, அந்த அரை நிமிடம் இன்னும் பிடிபடவில்லை. இன்றைக்கு வாக்கு எண்ணிக்கை. காலை எட்டு மணியிலிருந்து பக்கத்துக் கடை டி.வி. கத்திக்கொண்டிருக்கிறது. சவரிமுத்து கடையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறார். சட்டை இளமாறனுக்கு, செத்துப்போன எம்.பி.யின் மகனுக்கு. அப்பா போன இடத்துக்கு இடைத்தேர்தலில் அவன்தான் நிற்கிறான். ஜெயித்ததும் போட்டுக்கொண்டு திறந்த ஜீப்பில் ஏற வேண்டிய சட்டை. எம்.பி.யின் பி.ஏ.வாக இருந்து இப்போது மகனுக்கும் பி.ஏ.வாக இருக்கும் செல்லையா மூன்று நாளுக்கு முன்னால் போன் பண்ணினார். சட்ட ரெடியாயிரும்லா? பதினோரு மணிக்கு வண்டி அனுப்புதேன் என்றார். பிறகு, உங்கட்ட ஒரு காரியம் கேக்கணும் அண்ணாச்சி, போன்ல வேண்டாம், எண்ணி முடியட்டும், நேர்ல வாரேன் என்றார். ஒரு காரியம். என்ன காரியம்? முந்தாநாள் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரமென்று தெரியாது, எறும்பு தட்டுக்கு வந்துவிட்டது. போனில் ஏன் கேட்கக்கூடாது? போனில் கேட்கக்கூடாத காரியம் டெய்லரிடம் என்ன இருக்கும்? காஜாவுக்கு நேராகப் பட்டனை வைத்தார், ஊசி விரலில் ஏறியது. வெள்ளைத் துணி. சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

வாய்விட்டுச் சொல்வது அவர் தொழிலின் பழக்கம். முப்பத்தோரு வருஷம் அவர் அளவெடுத்துச் சொல்லச் சொல்ல, மனைவி புஷ்பம் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். நீளம் முப்பது. சோல்டர் பதினெட்டரை. கழுத்து பதினாறரை. ஆளுக்கு ஒரு பக்கம், மேலே பெயர், தேதி போட்டு ஒவ்வொரு வரி. அவளுடைய எழுத்து மணிமணியாக இருக்கும், கான்வென்டில் எட்டு வரை படித்தவள். கடைக்கும் அவள் பெயர்தான், புஷ்பம் டெய்லர்ஸ். சட்டைக் காலரின் உள்பக்கம் வைக்கிற லேபிளிலும் இங்கிலீஷில் அந்தப் பெயர்தான் நெய்திருக்கும். அவள் போன பிறகும் அவர் வாய் நிற்கவில்லை. ஆள் இல்லாத ஸ்டூலைப் பார்த்து, கழுத்து பதினஞ்சு, கை இருபத்துநாலு என்று சொல்லிவிட்டு, அப்புறம் அவரே போய் எழுதுவார். வந்தவர்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் பார்ப்பதில்லை. அப்படியென்றால் எம்.பி. வீட்டு மாடியிலும் சொல்லியிருக்கத்தானே வேண்டும்? கழுத்து பதினாலேகால். கதவுக்கு வெளியே டிரைவர் இசக்கி நின்றான், கடையில் திரும்பக் கொண்டுவிட. சொல்லியிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். இல்லை, வாயில் குண்டூசி இருந்தது. குண்டூசி இருந்தால் பேச முடியாது. ஆனால் அளவெடுக்கும்போது எதற்குக் குண்டூசி? பழைய சட்டையைப் போட்டுப் பார்த்து மடிப்புக் குத்தினோமே, அது முன்னாலா, பின்னாலா? உதட்டில் ஊசியின் குளிர்ச்சி ஞாபகம் இருக்கிறது. அது அன்றைக்கு உள்ள குளிர்ச்சிதானா, நாற்பது வருஷத்துக் குளிர்ச்சியா?

ஓய் அண்ணாச்சி, மூணாவது ரவுண்டு, நாலாயிரம் லீடிங்கு, தம்பி பறக்கான் என்று பக்கத்துச் செல்போன் கடையிலிருந்து கோமதிநாயகம் கத்தினார். சவரிமுத்து ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். நாலாயிரம். ஜெயிக்கட்டும். ஆண்டவரே, அவன் ஜெயிக்கட்டும். அவன் ஜெயித்தால் அந்தப் பணம் போய்விடும். போனை எடுத்துப் பந்தய ஆப்பைப் பார்த்தார். இளமாறன் ஜெயிப்பாரா? இல்லை என்பதற்கு எழுபது காசு. நேற்று ஒரு ரூபாய் இருந்தது. குறையட்டும். ஒன்றுமில்லாமல் ஆகட்டும். அந்தப் போனில் அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்ததே கோமதிநாயகம்தான், கிரிக்கெட் நடக்கிற மாதத்தில், விளையாட்டுக்கு. நாளைக்கு மழை வருமா, இந்த மேட்ச் யாருக்கு, தங்கம் ஏறுமா. ஆம் என்றோ இல்லை என்றோ வாங்கலாம். நடந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய், நடக்காவிட்டால் போட்டது போச்சு. அதிகம் பேர் நம்பினால் விலை ஏறும், நம்பாவிட்டால் இறங்கும். எம்.பி. வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கு மத்தியானம் கோமதிநாயகம் போனைக் கொண்டுவந்து காட்டினார். இந்தா பாரும், நம்ம தொகுதியயும் போட்டுருக்கான். டிசம்பருக்குள்ள இடைத்தேர்தல் வருமாங்கான். பலவேசம் ஜெயிச்சது செல்லாதுன்னு ஒரு கேசு கெடக்குல்லா, அத வச்சு எவனோ கேட்டுருக்கான். ஆமுக்கு ஒரு ரூவா, வாங்க நாதியில்ல. பலவேசம் கல்லு மாதிரி இருக்காரு, யாரு வாங்குவா? சவரிமுத்து அந்தக் கேள்வியைப் பார்த்தார். அது அவரை மட்டும் கேட்பதுபோல இருந்தது.

பணத்தாசையா? அதைத்தான் அவர் இத்தனை மாதமாகத் தன்னிடம் கேட்கிறார். ஆசையென்று ஒப்புக்கொண்டால்கூடப் பயம் கொஞ்சம் குறையும்போல இருக்கிறது, ஆசைக்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் உண்டு. ஆனால் அன்றைக்கு இருந்தது அது இல்லை. மாடியில் வாங்கிக்கொண்ட அந்த ரகசியம் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மூச்சு விடவில்லை. ஒரு பொத்தானைத்தானே அழுத்தினோம். புஷ்பத்தின் கல்லறையில் பெயர் வெட்ட வைத்திருந்த நாலாயிரம், ஆம், ஒரு ரூபாய் வீதம். பேர் கேட்டது. இங்கிலீஷில் அவருக்குத் தவறில்லாமல் அடிக்கத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான், தினமும் காலரில் வைத்துத் தைக்கிற சொல். புஷ்பம் என்று அடித்தார். எல்லோரும் பார்க்க அதில் ஒரு பட்டியல் போடுவார்கள், யார் எவ்வளவு சரியாகச் சொன்னார்களென்று, அதில் முதல் பெயராக அது நிற்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பட்டணத்தில் பார்ப்பவனுக்கு அது ஒரு பெயர். இந்த ஊரில் பார்ப்பவனுக்கு அது கச்சேரி ரோட்டில் மூன்றாவது கடை. இளமாறனின் பிடரியில் இந்த நிமிடம் உரசிக்கொண்டிருக்கும் லேபிள்.

எம்.பி.யின் அந்தச் சட்டையை அவர் நன்றாகத்தான் தைத்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலருக்கு இரண்டு அடுக்குக் கேன்வாஸ், சோல்டரில் மெல்லிய பஞ்சு, மார்புக்கு உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு லைனிங். பத்து நாள் கழித்து எம்.பி. ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் திறப்பதை டி.வி.யில் காட்டினார்கள். பழைய பலவேசமாகவே இருந்தார். கத்தரியை எடுத்து ரிப்பன் வெட்டினார். பாத்தீரா, காள மாதிரி நிக்காரு என்றார் கோமதிநாயகம். சவரிமுத்து போனைப் பார்த்தார், ஆம் அறுபது காசுக்கு இறங்கியிருந்தது. அடச்சே என்றார். அந்தச் சொல். அவர் வாயிலிருந்து வந்த சொல். ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, தான் கொடுத்த நிமிர்வைப் பார்த்து, அடச்சே என்று சொன்ன வாய் அது. அன்று முதல் ஜெபமாலையை எடுத்தால் பாதியில் கை நின்றுவிடுகிறது. யாருக்காக ஜெபிக்கிறோம், என்ன கேட்கிறோம் என்று தெரியவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்தைத்தான் திறந்தார், கறுப்புக் கட்டம் போட்டிருக்கிறதா என்று. அளவெடுத்த இருபத்துமூன்றாம் நாள் போட்டிருந்தது. இடைத்தேர்தலை அறிவித்ததும் நாலாயிரம் நாற்பதாயிரம் ஆனது. அதையும் ஒரு பேப்பரில் எழுதினார்கள், எம்.பி.க்கு உடம்பு முடியாதது ஆப்பில் பணம் போட்ட யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று. இளமாறனின் ஆட்கள் வீட்டுக்குள்ளேயே தேடினார்கள். மாடிக் கதவுக்கு வெளியே நின்றவன் இசக்கிதான். இசக்கியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவன் இப்போது பஸ் ஸ்டாண்டில் இளநீர் விற்கிறான். சவரிமுத்து அந்தப் பக்கமாகப் போவதில்லை, ஸ்டேட் பாங்குக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறார். ஒருநாள் மட்டும் எதிரில் மாட்டிக்கொண்டார். வாங்க அண்ணாச்சி, ஒண்ணு வெட்டவா, காசு வேண்டாம் என்றான் இசக்கி. அந்த இளநீரைக் குடித்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார்.

ஏழாவது ரவுண்டுல கொறையுது அண்ணாச்சி. எண்ணூறுதான் வித்தியாசம். கிழக்கு ஒன்றியம் காலை வாருதுபோல. சவரிமுத்து பட்டனைக் கீழே போட்டுவிட்டார். அது உருண்டு மிஷினுக்கு அடியில் போனது. குனிந்து தேடும்போது தலையில் ரத்தம் ஏறி, இருட்டில் எல்லாம் வெள்ளைப் பட்டனாகத் தெரிந்தது. என்ன மொகம் தொவச்ச துணி மாதிரி வெளுத்துக் கெடக்கு, ஓட்டு எண்ணுதது உமக்கா என்று கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். வெயிலு என்றார் சவரிமுத்து. வெளியே மேகம் போட்டிருந்தது. அந்த நாற்பதாயிரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பாங்குக்கு எடுத்தால் பெயரோடு வரும். கோயில் உண்டியலில் போடலாம், ஆனால் அந்தப் பணத்தையா ஆண்டவருக்குக் கொடுப்பது? அப்போது தோன்றியது, எங்கிருந்து வந்ததோ அங்கேயே தொலைத்துவிடலாம் என்று. நிச்சயம் தோற்கிற பக்கத்தில் போட்டுவிட்டால் முடிந்தது, கையும் சுத்தம், கணக்கும் காலி. ஊரெல்லாம் சொன்னது, இளமாறனுக்குத்தான், அப்பா செத்த அனுதாபம், சந்தேகமே இல்லை. இளமாறன் ஜெயிப்பாரா, இல்லை, ஒரு ரூபாய். முழுவதையும் போட்டார். போட்ட அன்று எத்தனையோ நாளுக்குப் பிறகு தூங்கினார். ஒன்பதாவது ரவுண்டில் இளமாறன் பின்னால் போனான். ஐநூறு. போனில் இல்லை நாலு ரூபாய் ஆனது. பிறகு ஐந்து. அவர் பார்க்கப் பார்க்க அந்த எண் வளர்ந்தது, தொலைக்கப் போட்ட பணம் பத்து மடங்காகித் திரும்பி வருகிறது, நாலு லட்சம். அப்பன் சாவான் என்று சொன்ன அதே பெயர், மகன் தோற்பான் என்றும் சொல்லியிருக்கிறது. பட்டியலில் முதல் பெயர். இதை யார் நம்புவார்கள், ஒரு டெய்லர் தோற்பதற்காகப் போட்டான் என்று? செல்லையா பார்த்திருப்பார். அதுதான் காரியம். எண்ணி முடியட்டும், நேரில் வாரேன்.

கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். எங்கே? நோட்டை எரித்துவிடலாம். எம்.பி.யின் பக்கத்தை மட்டும் கிழிக்கலாம். கை நோட்டுக்குப் போனது, அட்டை கிழிந்து துணியால் ஒட்டிய தடி நோட்டு, பக்கத்தைத் திருப்பினார். பலவேசம் அய்யா. மேலே எல்லாம் புஷ்பம் எழுதிய வரிகள், கழுத்து பதினாறரை, பதினாறரை, பதினாறரை, வருஷா வருஷம். கீழே அவருடைய கோணல் எழுத்து. ஜனவரி, பதினஞ்சரை. ஏப்ரல், பதினாலேகால், தேதியோடு. கிழித்தால் மேலே உள்ளதும் போகும். அவள் எழுதியதைக் கிழிக்க வேண்டும். கை அப்படியே நின்றது. அவளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது இந்த நோட்டில், கடைசிப் பக்கம், அவளே விளையாட்டாகப் பெயர் எழுதி வைத்தது. ஜாக்கெட் லூசாருக்கு, கொஞ்சம் பிடிச்சுத் தைங்க என்று ஒரே வருஷத்தில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் பிடித்துத் தைத்தார். அறுபது வயதில் பெண்டாட்டி கொடிபோல இருக்கிறாளென்று சந்தோஷம்கூடப் பட்டார். அரை அங்குலம், முக்கால் அங்குலம், அப்புறம் ஒன்றரை. ஒன்றரை அங்குலம் எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடம்பு குறைந்தால் துணியைக் குறைப்பான் டெய்லர், அவனுக்கு வேறு தெரியாது. நாலாவது தடவை அவள் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார். இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லையா என்று கேட்டார். கவனித்தேன் டாக்டர். தேதி போட்டு எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு வண்டி வரவில்லை. பன்னிரண்டுக்கு வரவில்லை. கடைசிப் பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, சட்டையை இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டினார். பக்கத்துக் கடையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அதிலேயே முடிவு தெரிந்தது. தெருவில் எதிர்க்கட்சிக்காரர்கள் வெடி போட்டார்கள், ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் தூக்கிப் போட்டது. கோமதிநாயகம் வாசலில் வந்து நின்று, தொள்ளாயிரத்துச் சொச்சத்துல போச்சு அண்ணாச்சி, எவன் நெனச்சான் என்றார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போன் ஒருமுறை நடுங்கி ஓய்ந்தது. அவர் அதை நிமிர்த்திப் பார்க்கவில்லை. மூன்று மணிக்குக் கார் வந்து நின்றது. செல்லையா தனியாக இறங்கினார். கண் சிவந்திருந்தது, கட்சித் துண்டு இடுப்பில் சுருண்டு கிடந்தது. சவரிமுத்துவின் கால்கள் எழுந்து நின்றன, அவரைக் கேட்காமலே.

தோத்துட்டோம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுச் செல்லையா புஷ்பத்தின் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார். ஒரு காரியம் கேக்கணும்னு சொன்னேம்லா. சவரிமுத்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அய்யாவுக்கு வெங்கலச் செல வைக்கணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்காவ. ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன, செல வந்தாவணும்ங்காவ. செல செய்யுதவரு போட்டோ மட்டும் பத்தாது, உடம்பு அளவு வேணும்ங்காரு. முந்தியே கேட்டிருப்பேன், எலெக்சன் முடியுமுன்ன செலப் பேச்சு வெளிய போனா வேற வெனையாயிரும்னுதான் போன்ல சொல்லல. உம்மட்டதான நோட்டு இருக்கு, அதக் குடும், ரெண்டு நாள்ல தந்துருதேன். அவ்வளவுதானா? அவ்வளவுதான். சவரிமுத்து மிஷினைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, அது வெளியே வந்தால் நிற்காதென்று பயமாகவும் இருந்தது. மேசையில் திறந்தே கிடந்த நோட்டைச் செல்லையாவே எடுத்துக்கொண்டார். எழுத்து மணிமணியா இருக்கே, யாரு? வீட்டுல உள்ளவ எழுதினது. ம். நெறைய வரி இருக்கே. சரி, கடைசி வரியப் பாத்துக்கிடச் சொல்லுதேன், அதான புது அளவு.

சரி என்றால் முடிந்தது. சரி என்ற ஒரு சொல். செல்லையா நோட்டை மூடப் போகிறார். கடைசி வரியை எடுத்தால் கடைத்தெரு முக்கில் வெண்கலத்தில் நிற்கப்போவது மாடி அறையில் கை தூக்கிக்கொண்டு குளிரில் நடுங்கிய ஆள், கழுத்து பதினாலேகால், உள்ளே லைனிங் வைக்க முடியாத வெண்கலம். பழைய பலவேசமா ஆக்கி அனுப்பும். இசக்கி இளநீரைச் சீவிக்கொண்டிருப்பான் இந்நேரம். புஷ்பம் மூன்று தடவை சொன்னாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது செல்லையா, ஆனால் சவரிமுத்து பேசியது ஸ்டூலைப் பார்த்துத்தான். கடைசி வரிய எடுக்காதீய. ஏன் அண்ணாச்சி? அது உடம்பு வத்தின பொறவு எடுத்தது. வீட்டுல எழுதின வரிய எடுக்கச் சொல்லுங்க, பதினாறரை. செல்லையா நிமிர்ந்து பார்த்தார். வத்தின பொறவா? எப்போ எடுத்தது? தேதி போட்டுருக்கு என்றார் சவரிமுத்து. தன் குரல் இவ்வளவு சத்தமாக இருப்பது அவருக்கே கேட்டது. நான் ஒத்தைலதான் எடுத்தேன். அய்யா என்கிட்ட மட்டுந்தான் சொன்னாவ. இசக்கி வெளிய நின்னான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. செல்லையா தேதியைப் படித்தார். விரலை வைத்து மறுபடியும் படித்தார். உதடு அசைய நாளை எண்ணினார். பிறகு தலையைத் தூக்கி, கடை வாசலின் மேலே மாட்டியிருந்த போர்டை, உள்ளிருந்து பார்த்தால் திரும்பித் தெரிகிற புஷ்பம் என்ற எழுத்துகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து காருக்குப் போனார். கார் கச்சேரி ரோட்டில் திரும்பும்வரை சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

நோட்டு போய்விட்டது. சட்டை ஹேங்கரில் இருக்கிறது. கழுத்து பதினாறு, கை இருபத்துநாலரை, பட்டன் ஏழு.